விரல் வைத்துக் காட்ட முடிகிற வலி: பாதத்திலும் கணுக்காலிலும் வரும் எலும்பு விரிசல்

தைப்பூசம் முடிந்த மறுவாரம் என் பிசியோதெரபி அறையில் கூட்டம் கூடும். நான் இருப்பது திண்டுக்கல்லில். மதுரைப் பக்கமிருந்தும், காரைக்குடிப் பக்கமிருந்து நத்தம் வழியாகவும் பழநிக்கு நடக்கிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போவார்கள். உள்ளூர்க்காரர்களும் இங்கிருந்து கிளம்பி ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நடப்பார்கள். திரும்பி வந்து இரண்டு மூன்று நாளில் புறங்கால் வீங்கி, செருப்புக்குள் கால் நுழையாமல் என்னிடம் வருவார்கள். இன்னொரு கூட்டத்துக்கு மாதக் கணக்கு கிடையாது. போலீஸ் எழுத்துத் தேர்வு முடிவு வந்து பிசிக்கலுக்கு, அதாவது உடல்திறன் தேர்வுக்குத் தேதி நெருங்கினால் போதும், பையன்களும் பெண்களும் நொண்டிக்கொண்டு வர ஆரம்பிப்பார்கள். மூன்றாவது தரப்பு, பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு நாள் குறித்துவிட்ட பெண்கள்.

மூன்று தரப்பும் சொல்கிற முதல் வாக்கியம் ஒன்றுதான்: "விழவே இல்லை மேடம், கால் மடங்கவும் இல்லை. தானா வலிக்குது."

அந்த 'தானா' என்பதைக் கேட்டதுமே நான் எலும்பைச் சந்தேகிப்பேன். சிலருக்கு வெறும் தசைவலியாக இருக்கும், சிலருக்குக் குதிங்கால் சவ்வு வீங்கியிருக்கும். ஆனால் இந்தக் கூட்டத்தில் கணிசமானவர்களுக்கு எலும்பிலேயே நூலிழை போல ஒரு விரிசல் விழுந்திருக்கும். டாக்டர் சீட்டில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்று எழுதியிருப்பார். ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் ஆறு எட்டு வாரத்தில் சரியாகிவிடும். சுளுக்கு என்று தைலம் தடவி ஓடிக்கொண்டே இருந்தால், அந்த நூலிழை முழு முறிவாகி ஆபரேஷன் வரை போகலாம். எப்படிச் சந்தேகப்படுவது, டாக்டரிடம் என்ன சொல்வது, அந்த ஆறு வாரத்தை எப்படிக் கழிப்பது, மறுபடி எப்படி ஓடுவது என்பதை இங்கே எழுதுகிறேன். நோயை உறுதி செய்வது எலும்பு டாக்டரின் வேலை. அவரிடம் நேரத்தோடு போய்ச் சேர வைப்பது என் வேலை.

விழாமல் எலும்பு எப்படி விரியும்?

எலும்பு உயிருள்ள பொருள். தினமும் நடக்கிற நடையில் அதில் கண்ணுக்குத் தெரியாத சேதம் விழுந்துகொண்டேதான் இருக்கும். உடம்பு அந்தச் சேதமான பகுதியைக் கரைத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது எலும்பை வைக்கும். சிக்கல் என்னவென்றால், கரைக்கிற வேலை மூன்று வாரத்தில் முடிந்துவிடும். புதிதாகக் கட்டி இறுக்குகிற வேலைக்கு மூன்று மாதம் ஆகும். சாக்கடைக்குத் தோண்டிய தெருவை மூடி ரோடு போடுவதற்கு முன்பே லாரி விட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் நடக்கிறது.

நேற்று வரை ஓடாத பையன் இன்று முதல் தினமும் காலையும் மாலையும் ஓடினால், மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரத்துக்குள் அவன் எலும்பு முன்பிருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். அவன் உணர்வதோ நேர்மாறாக. மூச்சு வாங்குவது குறைந்திருக்கும், தொடை இறுகியிருக்கும், "இப்பத்தான் ஃபார்முக்கு வந்திருக்கேன்" என்பான். நுரையீரலும் தசையும் வேகமாகத் தேறிவிடும். எலும்பு பின்னாலேதான் வரும். நான் பார்க்கும் ஓட்டக்காரர்களில் நிறையப் பேர் பயிற்சி தொடங்கி ஒரு மாதம் போல ஆனபோது வருகிறவர்கள்.

பாதயாத்திரைக் கணக்கு வேறு. அங்கே வாரக் கணக்கே இல்லை, எல்லாம் ஓரிரு நாளில் நடந்துவிடுகிறது. சாதாரணமாக நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,300 அடி வைப்போம். 60 கிலோமீட்டருக்கு 78,000 அடி, ஒரு காலுக்கு 39,000. முதல் 20 கிலோமீட்டருக்குக் கெண்டைக்கால் தசை அதிர்வை வாங்கிக்கொள்ளும். தசை சோர்ந்த பிறகு அந்த வேலை எலும்பின் தலையில் விழும். வெறுங்கால், தார் ரோடு, ராத்திரி நடை, இடுப்பிலோ தோளிலோ ஒரு குழந்தை என்று சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதை முதலில் எழுதி வைத்தவரும் நடைக்காரர்களைப் பார்த்தவர்தான். 1855ல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நீண்ட அணிநடை போன சிப்பாய்களின் பாதம் வலியோடு வீங்குவதைக் குறித்து வைத்தார். எலும்பு விரிந்திருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1895ல் எக்ஸ்ரே வந்து, 1897ல் ஸ்டெகோ என்பவர் படம் எடுத்துக் காட்டிய பிறகுதான் காரணம் புரிந்தது. மார்ச் ஃபிராக்சர் என்ற பெயர் அந்த அணிநடையால் வந்தது. எங்கள் ஊர் எலும்பு டாக்டர்களும் அந்தப் பெயரைச் சொல்வார்கள்.

உட்கார்ந்து, ஒற்றை விரலால் தேடுங்கள்

வலிக்கிற காலைத் தூக்கி மறு தொடையின் மேல் வையுங்கள். ஆட்காட்டி விரல் ஒன்று போதும். வலி எங்கே என்று நான் கேட்கும்போது உள்ளங்கையை விரித்துப் பாதம் முழுக்கத் தடவி "இங்கெல்லாம்" என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஒரே விரலை ஒரே இடத்தில் வைத்து "இங்கேதான்" என்று சொல்லி, அழுத்தியதும் முகம் சுளித்தால், அது எலும்பாக இருக்கும் என்றே எடுத்துக்கொண்டு மேலே போவேன். நல்ல காலிலும் அதே இடத்தை அதே பலத்தோடு அழுத்திப் பாருங்கள். சிலருக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலிக்கும், அதற்கு அர்த்தம் வேறு.

புறங்காலிலிருந்து தொடங்குங்கள். கால் விரல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நீள எலும்பு பாதத்துக்குள் ஓடுகிறது, தோலுக்கு மேலேயே தடவிப் பார்க்கலாம். கட்டை விரலுக்கு அடுத்த இரண்டாவது விரலின் எலும்பும் மூன்றாவது விரலின் எலும்பும்தான் பாதத்தில் அடிக்கடி விரிகிறவை. காரணம் எளிது. கட்டை விரலின் எலும்பு தடிமன், இரண்டாவது அப்படியில்லை. ஆனால் நீளம். அதோடு அதன் அடிப்பகுதி பக்கத்து எலும்புகளுக்கு நடுவே அசையாமல் மாட்டியிருக்கும். ஒவ்வொரு அடியிலும் வளைய வேண்டியது அதன் தண்டுதான். பழநி நடைக்காரர்களிடம் நான் முதலில் கை வைப்பது இங்கே. புறங்காலில் மெத்தென்று வீக்கம் இருக்கும், கால் நரம்புகள் மங்கித் தெரியும்.

அடுத்து சுண்டு விரல் பக்கம். பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவாக்கில் ஒரு முண்டு தட்டுப்படும். அந்த முண்டுக்குச் சற்று முன்னால், விரல் பக்கமாக வலித்தால், நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு, எளிதில் சேராது. கால்பந்து, கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளிடம் இதைப் பார்க்கலாம். கால் மடங்கிய உடனே அந்த முண்டிலேயே வலி வந்தால் அது வேறு வகை முறிவு. அதற்கும் எக்ஸ்ரே வேண்டும், ஆனால் பெரும்பாலும் அவ்வளவு சிக்கல் தராது.

கணுக்கால் மடிப்புக்குச் சற்று முன்னால், புறங்காலின் உச்சியில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. படகு போல இருப்பதால் நேவிகுலர் என்று பெயர். இதன் வலி ஏமாற்றும். வீக்கமே இருக்காது, கால் உள்வளைவு முழுக்க மந்தமாக வலிக்கும், இரண்டு நாள் ஓய்வில் காணாமல் போகும், மறுபடி வேக ஓட்டம் ஓடியதும் வந்துவிடும். 100 மீட்டர், நீளம் தாண்டுதல் பயிற்சி எடுக்கிறவர்கள் இப்படி மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். விரலால் அழுத்தினால் மட்டும் அந்த உச்சியில் சுள்ளென்று காட்டிக்கொடுக்கும். பாதத்தில் நான் அதிகம் பயப்படுவது இந்த எலும்புக்குத்தான்.

குதிங்காலுக்கு விரல் வேண்டாம். இரண்டு உள்ளங்கைகளாலும் இரு பக்கத்திலிருந்தும் சேர்த்து அமுக்குங்கள். பக்கவாட்டில் அமுக்கும்போது வலித்தால் எலும்பைச் சந்தேகிக்கலாம். அடியில், கொஞ்சம் உள்பக்கமாக அழுத்தினால் மட்டும் வலித்து, காலையில் எழுந்து வைக்கிற முதல் அடி உயிர் போகிற மாதிரி இருந்து, நாலு அடி நடந்ததும் குறைந்தால் அது குதிங்கால் சவ்வு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் சிலிக்கான் மெத்தை வைத்துத் திரிகிறவர்கள் உண்டு.

கரண்டைக் காலுக்கு வாருங்கள். வெளிப்பக்கக் கணுவின் முனையிலிருந்து மூன்று நான்கு விரற்கடை மேலே போனால் ஒல்லியான எலும்பு. ஓட்டக்காரர்களுக்கு அங்கே விரியும், நன்றாகவே சேரும். உள்பக்கக் கணு அப்படியில்லை. தாண்டிக் குதிக்கிறவர்களுக்கு அங்கே விழுகிற விரிசல் மூட்டுக்குள்ளேயே போகும், அதனால் இதுவும் அவசரப் பட்டியலில் சேரும். கட்டை விரலின் அடிப் பந்தில் பயறு மாதிரி இரண்டு குட்டி எலும்புகள் உண்டு. குதித்து மெட்டு அடவில் முன்பாதத்தை ஊன்றிக் குதிக்கிற நாட்டியப் பெண்களுக்கு அங்கே வலித்தால், அதையும் சாதாரணமாக விட்டுவிட வேண்டாம்.

வலி வளர்ந்த விதத்தையும் யோசித்துப் பாருங்கள். விரிசலுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஓடி முடிக்கும்போது மட்டும் வலிக்கும். அப்புறம் ஓட்டத்தின் நடுவிலேயே. அப்புறம் ஓட்டம் தொடங்கியதுமே. அப்புறம் கடைக்கு நடந்தால். கடைசியில் படுத்திருக்கும்போதும். தசைவலி ஓட ஓடச் சூடேறிக் குறையும், எலும்பு வலி ஓட ஓட ஏறும். ஒற்றைக் காலில் குதித்துப் பார்க்கிற பரிசோதனை ஒன்றும் உண்டு. அதை வீட்டில் செய்ய வேண்டாம், நூலிழையாக இருப்பதை நீங்களே முழுசாக உடைத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. என் தொழிலில் சிலர் அல்ட்ராசவுண்ட் கருவியை அந்த இடத்தில் வைத்து, வலித்தால் விரிசல் என்பார்கள். தட்டினால் அதிர்கிற டியூனிங் ஃபோர்க் வைத்துப் பார்ப்பதும் உண்டு. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை

பல வருடமாகச் சர்க்கரை இருந்து, காலில் மரத்த உணர்வு உள்ளவர்களுக்கு மேலே சொன்ன விரல் சோதனை உதவாது. அவர்களுக்கு வலியே தெரியாது. ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மறு பாதத்தைவிடத் தொட்டால் சூடாக இருந்தால் அந்த நிமிடமே நடப்பதை நிறுத்துங்கள். சார்க்கோ பாதம் என்று ஒன்று இருக்கிறது. எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கும், ஆள் சாதாரணமாக நடந்துகொண்டிருப்பார், சில வாரத்தில் பாதத்தின் வடிவமே மாறிவிடும். புண்ணும் காய்ச்சலும் இல்லையே, வலியும் இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. வலியில்லாத வீக்கம்தான் இவர்களுக்கு ஆபத்து. அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஆட்டோவில் போங்கள்.

டாக்டரிடம் என்ன சொல்வது

"கால் வலி" என்று மட்டும் சொன்னால் கூட்டமான ஓ.பி.யில் இரண்டு நிமிடத்தில் மாத்திரையோடு வெளியே வந்துவிடுவீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "ஒரு மாசமா புதுசா ஓட ஆரம்பிச்சேன், வாரத்துக்கு இத்தனை நாள், இவ்வளவு தூரம். பத்து நாளா இந்த இடத்துல மட்டும் வலி. அடி படலை. ஓய்வு எடுத்தா குறையுது, ஓடினா வருது. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரா இருக்குமோன்னு சந்தேகம்." விரலை வைத்துக் காட்டுங்கள். ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும், பெண்கள் மாதவிலக்கு நின்றிருந்தால் அதையும் கேட்காமலேயே சொல்லுங்கள்.

எக்ஸ்ரே எடுப்பார்கள். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடம் மாறுகிறார்கள். வலி வந்த முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் பெரும்பாலும் தெரியாது. விரிசல் அவ்வளவு மெல்லியது. எலும்பு தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளத் தொடங்கி, சுற்றிப் புது எலும்பு மேடு தட்டிய பிறகுதான் படத்தில் வெள்ளையாகத் தெரியும். அதனால் "எக்ஸ்ரே நார்மல்" என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு மறுநாளே கிரவுண்டுக்குப் போகிறவன், எலும்பு சேர வேண்டிய நேரத்தில் அதை உடைக்கப் போகிறான். விரல் வைத்தால் வலிக்கிறது, எக்ஸ்ரே சுத்தம் என்றால் இரண்டு வழி இருக்கிறது. விரிசல் இருப்பதாகவே வைத்துக்கொண்டு ஓட்டத்தை நிறுத்தி, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பது ஒன்று. எம்.ஆர்.ஐ. எடுப்பது இன்னொன்று. எம்.ஆர்.ஐ.யில் எலும்புக்குள் நீர் கோத்திருப்பது விரிசலுக்கு முந்தைய கட்டத்திலேயே தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டாவது, மூன்றாவது விரல் எலும்பு என்றால் சிகிச்சை எப்படியும் ஓய்வுதான், காசைச் செலவழித்து அதையே கேட்க வேண்டியதில்லை. ஆனால் புறங்காலின் உச்சி, சுண்டு விரல் பக்கத்து அடிப்பகுதி, உள்கணு ஆகிய மூன்றில் ஒன்று என்றால் கடன் வாங்கியாவது எடுக்கலாம். டாக்டர் சி.டி. ஸ்கேனும் கேட்கக்கூடும். அங்கே சிகிச்சையே வேறு. ஆறு முதல் எட்டு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று மாவுக்கட்டு போடுவார்கள். விளையாட்டுக்காரராக இருந்தாலோ எலும்பு விலகியிருந்தாலோ ஸ்க்ரூ வைப்பார்கள்.

முதல் வாரத்தில் செய்யக்கூடாத மூன்று

சுளுக்கு எடுக்கப் போகாதீர்கள். எங்கள் பக்கம் இது ஒரு அனிச்சைச் செயல். கால் வலித்தால் எண்ணெய் போட்டு உருவிவிடும் ஆள் தெருவுக்கு ஒருவர் இருப்பார். உண்மையான சுளுக்குக்கு அவர்கள் கை பதமாக இருக்கலாம், அதில் நான் தலையிடவில்லை. விரிசல் விழுந்த எலும்பைக் கட்டை விரலால் உருவி இழுத்தால் வீக்கம் இரட்டிப்பாகும், சேர்ந்துகொண்டிருக்கிற இடம் கலைந்துபோகும்.

வலி ஊசி போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். பிசிக்கல் அன்று காலையில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போகிற வழக்கம் இருக்கிறது. 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்கிற நெருக்கடி எனக்குப் புரிகிறது. வலி மறையும், விரிசல் மறையாது. கடைசிச் சுற்றில் எலும்பு முழுசாக விட்டுப்போனால் அந்தத் தேர்வும் போகும், அடுத்ததும் போகும். அந்த வகை மாத்திரைகள் எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்துமோ என்ற சந்தேகமும் டாக்டர்களிடம் இருக்கிறது. வலி தாங்க முடியவில்லை என்றால் பாரசிட்டமால் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு "மெதுவாத்தான் ஓடுறேன்" என்பது. பேண்டேஜ் வீக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். எலும்பின் பாரத்தை அது தாங்காது.

அந்த ஆறு வாரம்

இரண்டாவது, மூன்றாவது விரல் எலும்பு விரிசலுக்குப் பெரும்பாலும் மாவுக்கட்டு தேவைப்படாது. அடிப்பாகம் வளையாத செருப்போ ஷூவோ போதும். வளைத்துப் பார்த்தால் நடுவில் மடிகிற ரப்பர் செருப்பும் கான்வாஸ் ஷூவும் உதவாது. சாதாரணமாக நடந்தாலே வலித்தால் முழங்கால் உயரத்துக்கு வரும் வாக்கிங் பூட் போடச் சொல்வார்கள். பூட் போட்ட கால் உயரமாகிவிடும், இடுப்பு வலி வரும். மறுகாலுக்குக் கொஞ்சம் தடிமனான அடிப்பாகம் உள்ள ஷூ போட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒரு கைத்தடி வைத்துக்கொள்வதாக இருந்தால் அதை வலியில்லாத காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள்.

வலி எந்த நடையில் வரவில்லையோ அந்த அளவு நடக்கலாம், வீட்டுக்குள் வெறுங்காலில் வேண்டாம். முதல் சில நாள் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து எடுக்கலாம், சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்கு அதுவும் வேண்டாம். உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள். பீடி, சிகரெட் எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும். பையன்கள் இதைக் கேட்டதும் அம்மா இருக்கும் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஓட முடியாத பையனுக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கும், மூச்சுத் திறன் போய்விடுமே என்று. போகாது. டாக்டர் சரி என்றால் சைக்கிள் மிதிக்கலாம், மிதியில் குதிங்கால் பக்கத்தை வைத்து மிதித்தால் விரல் எலும்புக்குப் பாரம் குறையும். கிணறோ குளமோ இருந்தால் நீச்சல். கழுத்தளவு தண்ணீரில் தரையில் கால் படாமல் ஓடுகிற மாதிரி அசைப்பது இன்னும் நல்லது. கயிறு ஏறுவதற்கு வேண்டிய கை, தோள் பயிற்சியை உட்கார்ந்தே செய்யுங்கள். பெரும்பாலான பையன்கள் கால் நன்றாக இருக்கும்போது அதைத் தள்ளிப்போட்டவர்கள்தான்.

மறுபடி ஓடுவது எப்படி

காலண்டரில் ஆறு வாரம் முடிந்துவிட்டது என்பதற்காக ஓடக்கூடாது. நான் கேட்பது இவை: அதே இடத்தில் அதே விரலை வைத்து அழுத்தினால் வலிக்கவில்லையா? அரை மணி நேரம் வேகமாக நடந்தும், மறுநாள் காலையிலும் வலி இல்லையா? சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றைக் காலில் குதிங்காலைத் தூக்கித் தூக்கி இறக்க முடிகிறதா, நல்ல காலில் முடிகிற எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வருகிறதா? எல்லாவற்றுக்கும் பதில் சரியாக இருந்தால் தொடங்கலாம்.

முதல் வாரம் ஒரு நிமிடம் மெல்லோட்டம், நான்கு நிமிடம் நடை. இதை ஐந்தாறு முறை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான், அடுத்தடுத்த நாளில் கிடையாது. இரண்டாம் வாரம் இரண்டு நிமிட ஓட்டம், மூன்று நிமிட நடை. இப்படி ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்து, தொடர்ந்து 25, 30 நிமிடம் வலியில்லாமல் ஓட முடிந்த பிறகுதான் வேகத்தைத் தொட வேண்டும். தூரமும் வேகமும் ஒரே வாரத்தில் கூடக்கூடாது. நீளம் தாண்டுதலும் வேக ஓட்டமும் எல்லாவற்றுக்கும் கடைசி. ஓடும்போதோ மறுநாள் காலையிலோ அந்தப் பழைய இடம் எட்டிப் பார்த்தால் இரண்டு நாள் நிறுத்தி, முந்தைய படிக்குத் திரும்புங்கள். விரல் வைத்தால் மறுபடி வலிக்கிறது என்றால் மறுபடி டாக்டர்.

எட்டி எட்டிக் கால் வைக்காமல் அடியைச் சின்னதாக்கி, எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டி ஓடினால் ஒவ்வொரு அடியிலும் எலும்புக்கு விழுகிற பாரம் குறையும். ஓடும்போது நம் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு காலில் இறங்குகிறது. கிரவுண்டில் சத்தமில்லாமல் ஓடுகிறவனைப் பாருங்கள், அவன் கால்தான் நீடிக்கும்.

சாப்பாடு, வெயில், மாதவிலக்கு

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பால், தயிர், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு மென்று சாப்பிடுகிற நெத்திலி எல்லாம் சேர்ந்தால் மாத்திரை தேவைப்படாமலே போகலாம். வைட்டமின் டி அப்படியில்லை, சாப்பாட்டில் கொஞ்சமே கிடைக்கும். "நாங்கதான் தினமும் கிரவுண்டுல இருக்கோமே" என்பார்கள். விடியற்காலை ஐந்து மணி இருட்டில் ஓடிவிட்டு, பகலெல்லாம் கோச்சிங் சென்டருக்குள் உட்கார்ந்திருக்கிற உடம்புக்கு எந்த வெயில் கிடைக்கும்? தோலில் வைட்டமின் டி உருவாவது உச்சியை ஒட்டிய வெயிலில்தான். ரத்தப் பரிசோதனை செய்து குறைவு என்றால் வாரம் ஒருமுறை 60,000 யூனிட் என்று சில வாரங்களுக்கு எழுதிக் கொடுப்பார்கள். அதை நீங்களாகத் தினமும் சாப்பிடவோ, மாதக்கணக்கில் நீட்டிக்கவோ கூடாது.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு: கடும் பயிற்சியும் அரை வயிற்றுச் சாப்பாடும் சேர்ந்தால் மாதவிலக்கு நிற்கும். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் எலும்புக்கு வேண்டிய ஹார்மோனும் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அரங்கேற்றத்துக்கு மெலிய வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டை விடுகிற பெண்ணுக்கு விரிசல் வந்தால், காலை மட்டும் பார்த்துப் பயனில்லை. மகளிர் மருத்துவரையும் பார்க்க வேண்டும், தட்டில் சோற்றையும் கூட்ட வேண்டும். பையன்களுக்கும் அரைப் பட்டினியில் எலும்பு மெலியும், அவர்களுக்கு எச்சரிக்கை மணி அடிக்க மாதவிலக்கு இல்லை, அவ்வளவுதான். மாதவிலக்கு நின்ற வயதுப் பெண்களுக்கு நடையில் விரிசல் வந்தால் எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்த தைப்பூசத்துக்கு, அடுத்த பிசிக்கலுக்கு

வேண்டுதலை விடச் சொல்ல நான் யார். "முருகன் பாத்துக்குவான்மா" என்கிற அம்மாவிடம், "முருகன் பார்ப்பான், கார்த்திகையிலிருந்து நீங்களும் கொஞ்சம் நடங்க" என்பேன். இரண்டு மாதம் முன்பே மாலைகளில் இரண்டு மூன்று கிலோமீட்டர் நடக்கத் தொடங்கி, வாரம் ஒருநாள் மட்டும் நீள நடை போய், கடைசியில் அந்த நீள நடை 15, 20 கிலோமீட்டர் வரை வந்தால் போதும். வெறுங்காலில்தான் போவேன் என்றால் அந்தப் பயிற்சியின் ஒரு பகுதியையும் வெறுங்காலில் செய்யுங்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் குறைத்துவிடுங்கள். 60 கிலோமீட்டரை ஒரே மூச்சில் முடிப்பதைவிட இரண்டு ராத்திரி தங்கிப் போவது எலும்புக்கு நல்லது. சோர்ந்த தசை தேற அந்த நேரம் வேண்டும்.

போலீஸ், ராணுவம் என்று குறி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு: எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும்போதே வாரத்துக்கு மூன்று நாள் மெல்லோட்டம் தொடங்கிவிடுங்கள். முடிவு வந்த பிறகு தொடங்கினால் எலும்பு பலவீனமாக இருக்கிற அந்த நான்காவது வாரமும் பிசிக்கல் தேதியும் ஒன்றாக வந்து நிற்கும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள், சோம்பேறி என்று நண்பர்கள் சொன்னால் சொல்லட்டும். தார் ரோட்டை விட மண் மைதானம், அதுவும் ஒரே திசையில் சுற்றாமல். ஓடுகிற ஷூ 500 முதல் 800 கிலோமீட்டரில் தேய்ந்து செத்துவிடும், மேலே பளபளப்பாக இருப்பதை நம்ப வேண்டாம். அண்ணன் ஓடி முடித்த ஷூவைத் தம்பி போட்டுக்கொள்வது எங்கள் ஊரில் சகஜம். அதற்குப் பதில் விலை குறைந்த புது ஷூ ஒன்றை வாங்கிவிடுங்கள்.

நடக்கும் வழியில் புறங்காலில் ஒரே இடம் சுள்ளென்று வலிக்கத் தொடங்கி, உட்கார்ந்து எழுந்தும் அதே இடத்தில் வலித்தால், உங்கள் குழுவோடு வருகிற வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். ஒட்டன்சத்திரம் தாண்டிவிட்டோம், இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று தோன்றும். அங்கிருந்து பழநிக்குப் பஸ் இருக்கிறது.